டெட்லைன்: தாண்டினால் சுடப்படும் கோடு

‘டெட்லைன் வந்துடுச்சு’ என்றால் இன்று நம் கண் காலண்டருக்குப் போகிறது. இந்தச் சொல் பரவத் தொடங்கிய காலத்தில் அதற்கும் நாள் கிழமைக்கும் சம்பந்தமில்லை. அது தரையில் இருந்த ஓர் எல்லை.

அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1864 பிப்ரவரியில், ஜார்ஜியாவின் ஆண்டர்சன்வில்லில் தென்தரப்பினர் ஒரு போர்க்கைதிகள் முகாமைத் திறந்தார்கள். பைன் மரங்களை நெருக்கி நட்டு எழுப்பிய சுவர், உள்ளே வெட்டவெளி. சுவருக்கு உட்புறம் சுமார் 19 அடி தள்ளிக் குச்சிகள் ஊன்றி, மேலே மெல்லிய மரச்சட்டம் அடித்திருந்தார்கள். அதன் பெயர்தான் ‘டெட் லைன்’. சுவரை ஒட்டிய பரண்களில் நின்ற காவலர்கள் அதைத் தாண்டுபவரைச் சுடுவார்கள்.

முகாமுக்குள் ஓடிய ஓடைதான் குடிக்கவும் குளிக்கவும், கழிவுக்கும். அது உள்ளே நுழையும் இடத்தில் மட்டும் தண்ணீர் கொஞ்சம் தெளிவாக இருக்கும். அந்தத் தண்ணீருக்காகக் கோட்டைத் தாண்டிக் கை நீட்டியவர்கள் சுடப்பட்டார்கள். 14 மாதங்களில் அங்கே அடைக்கப்பட்டவர்கள் சுமார் 45,000 பேர். அவர்களில் ஏறக்குறைய 13,000 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் நோயாலும் பட்டினியாலும். முகாம் தளபதி ஹென்றி விர்ஸ் 1865 நவம்பர் 10 அன்று வாஷிங்டனில் தூக்கிலிடப்பட்டார். அவர் மீதான குற்றப்பத்திரிகையிலேயே இந்தக் கோடு இடம்பெற்றது: பல இடங்களில் அது வெறும் கற்பனைக் கோடுதான் என்று அதில் எழுதியிருந்தார்கள். எங்கே இருக்கிறதென்றே தெரியாத கோட்டைத் தாண்டியதற்கு உயிர் போயிருக்கிறது!

போருக்குப் பிறகு, தாண்டக் கூடாத எந்த எல்லைக்கும் இந்தச் சொல் வழங்கியது. அச்சகத்தில், அச்சு இயந்திரத்தில் எழுத்துகளை வைக்கும் படுகையில், அவை சரியாகப் பதியாத பகுதியைக் காட்டும் கோட்டுக்கும் இதே பெயர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கச் செய்தித்தாள் அலுவலகங்களில் அது நேரத்தைக் குறிக்கத் தொடங்கியது.

சரி, தமிழில்? ‘கெடு’ நம்மிடம் நன்றாகவே புழங்கும் சொல். கெடு விதித்தார்கள், கெடு முடிந்தது, 48 மணி நேரக் கெடு என்றெல்லாம் செய்தித்தாளில் தினமும் பார்க்கிறோம். பழம் கெட்டுப்போவதோடு இதை முடிச்சுப் போட அவசரப்பட வேண்டாம். தெலுங்கிலும் கன்னடத்திலும் இதே பொருளில் ‘கடுவு’ என்று இருக்கிறது. ‘தவணை’யும் காலவரம்பைக் குறிப்பதுதான். ஆனால் இங்கே கடன் தவணைதான் முதலில் நினைவுக்கு வரும். இலங்கையில் பள்ளிக்கூடத் தவணை.

கெடுவில் ஒரு கண்டிப்பு இருக்கிறது. ஒருவர் விதிக்கிறார், மீறினால் விளைவு உண்டு. விண்ணப்பப் படிவத்துக்கு அது பொருந்தாது. அங்கே ‘கடைசி நாள்’ போதும். உடன் வேலை செய்பவரிடம் பெயர்ச்சொல்லே தேவையில்லை. ‘வெள்ளிக்கிழமைக்குள் முடித்துவிடுங்கள்’ என்றால் அந்த ‘உள்’ளே எல்லையைச் சொல்லிவிடுகிறது. ‘வெள்ளிக்கிழமை டெட்லைன்’ என்பதைவிட எனக்கு இது பிடித்திருக்கிறது. அதட்டல் இல்லாமல் அதே வேலையைச் செய்கிறது.

டெட்லைனைத் தள்ளிப்போட்டால், விதித்தவர் கெடுவை நீட்டினார் என்று எழுதலாம். வேலை முடியாதவர் பக்கத்திலிருந்து சொன்னால், அவகாசம் கேட்டார்.