விதையில் உணவில்லாத ஆர்க்கிட்டும் ஊசியிலை மரமும்

ஆர்க்கிட்டும் ஊசியிலை மரங்களும் வகைப்பாட்டில் ஒரே படிநிலையில் இருப்பவை அல்ல. ஆர்க்கிட் என்பது பூக்கும் தாவரங்களுள், ஒருவித்திலைத் தொகுதியில் அடங்கும் ஒரு தனிக் குடும்பம். ஆனால் அந்த ஒரு குடும்பத்தில் மட்டும் ஏறத்தாழ 28,000 இனங்கள் உள்ளன. பைன், தேவதாரு, சைப்ரஸ் முதலியவை அடங்கிய, கோனிஃபர்கள் எனப்படும் ஊசியிலை மரங்களோ பல குடும்பங்கள் சேர்ந்த பெரும்பிரிவு. இனங்கள் 600-க்குச் சற்று மேல்தான். இப்பிரிவுக்கு அடையாளம் ஊசியிலை அன்று. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளில் இயல்பாக வளரும் நாகேயா வல்லிச்சியானா என்னும் மரம் அகன்ற இலைகளைக் கொண்டது. ஆயினும் அது பூக்கும் தாவரம் அன்று, கோனிஃபரே; விதையாக மாறும் அதன் சூல் சூற்பைக்குள் அடைபடாமல் திறந்திருக்கிறது. (கொடைக்கானலில் நாம் படமெடுக்கும் பைன்கள் மனிதர் நட்டவை.)

இவ்விரு தாவரங்களின் வாழிடம் வேறுபடுவதற்கான காரணங்களுள் முக்கியமானது விதை. கோனிஃபர் விதை, முளைக்கருவுக்கு வேண்டிய உணவைத் தன்னுள் சேமித்துக்கொண்டு மண்ணில் விழுகிறது. விதை மட்டுமன்றித் தண்டும் ஒரு காரணம்: மரத்தின் தண்டில் நீரைக் கடத்தும் டிரக்கீடு செல்கள் மிகக் குறுகியவை. நீர் உறைந்து உருகும்போது அவற்றில் தோன்றும் காற்றுக்குமிழிகள் சிறியவையாதலால் மீண்டும் நீரில் கரைந்துவிடுகின்றன, நீரோட்டம் அறுபடுவதில்லை. சைபீரியாவிலும் கனடாவிலும் கடுங்குளிரைத் தாங்கி இம்மரங்கள் பெருங்காடாக நிற்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஆர்க்கிட் விதை தூசியளவே. ஒரு காயில் இலட்சக்கணக்கில் இருக்கலாம். ஆனால் ஒன்றிலும் சேமிப்புணவு இல்லை எனலாம். உரிய பூஞ்சை அதனுள் நுழைந்து உணவளித்தால்தான் இயற்கையில் அது முளைக்கும்; இதனை 1899-இல் பிரெஞ்சுத் தாவரவியலாளர் நோயல் பெர்னார் கண்டறிந்தார். காற்றில் மிதந்து மரக்கிளைகளின் பட்டையிடுக்குகளில் தங்கும் இவ்விதைகளிலிருந்து வளர்பவையே வெப்பமண்டலத்தின் தொற்று ஆர்க்கிட்டுகள். ஆர்க்கிட் இனங்களுள் பெரும்பான்மை இவைதான். மண்ணில்லாத அவ்விடத்தில், வேரைப் போர்த்திய வெலாமன் என்னும் இறந்த செல்களாலான உறை மழைநீரை விரைந்து உறிஞ்சிக்கொள்கிறது. தொற்றி வாழ்ந்தாலும் இவை தாங்கும் மரத்தின் சாற்றை உறிஞ்சுவதில்லை.

ஆனால் மண்ணில் வளரும் ஆர்க்கிட்டுகள் அனைத்தையும் பற்றி அவ்வாறு சொல்ல இயலாது. வட அமெரிக்கக் காடுகளில் வளரும் கோரலோரைசா மாக்குலாட்டா என்னும் இலையற்ற ஆர்க்கிட், பச்சையம் மிகக் குறைவாதலால் தனக்கு வேண்டிய உணவைத் தானே ஆக்கிக்கொள்ள இயலாமல், ருசுலா வகைப் பூஞ்சைகளை நம்பியே வாழ்நாள் முழுதும் கழிக்கிறது; அப்பூஞ்சைகளோ தமக்கு வேண்டிய சர்க்கரையை அருகிலுள்ள மரங்களின் வேர்களிலிருந்து, பல இடங்களில் கோனிஃபர்களின் வேர்களிலிருந்தே, பெறுகின்றன.