லாகீஸ் கோட்டையை அசீரியர் ஏறிப் பிடித்த கதை

"பைபிளில் அடிக்கடி வரும் முற்றிக்கை என்றால் ஊரைச் சுற்றி உட்கார்ந்து பட்டினி போடுவதுதானே?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். பாதி சரி. பழைய இஸ்ரவேல் ராஜ்யத்தின் தலைநகர் சமாரியாவில் அப்படித்தான் நடந்தது, ஒரு கழுதைத் தலை 80 வெள்ளிக்காசுக்குப் போனதாக இரண்டாம் இராஜாக்கள் புத்தகம் சொல்கிறது. ஆனால் வெளியே உட்கார்ந்திருக்கும் படைக்கும் தினமும் சாப்பாடு வேண்டுமே? அவசரக்கார ராஜா மதில் உயரத்துக்கு ஒரு சாய்தளம் போட்டு ஏறிவிடுவான். பைபிளில் எசேக்கியேல் தீர்க்கதரிசி சொல்லும் மண்மேடு இந்த வகைதான்.

கி.மு. 701இல் அசீரியாவின் (இன்றைய வடக்கு ஈராக்கில் இருந்த பேரரசு) ராஜா சனகெரிப், எருசலேமைத் தலைநகராகக் கொண்ட யூதா ராஜ்யத்தின் கோட்டை நகரமான லாகீஸைப் பிடித்தது இப்படித்தான். அந்தச் சாய்தளம் ஊரின் தென்மேற்கு மூலையில் இன்றும் கிடக்கிறது. மற்ற பக்கங்களில் பள்ளம், அதனால் இந்த இடம். தொல்லியலாளர் யோசேப் கார்ஃபிங்கல் குழு 2021இல் வெளியிட்ட ஆய்வின்படி அதில் சுமார் 30 லட்சம் கற்கள், ஒவ்வொன்றும் 6.5 கிலோ அளவில், கட்டி முடிக்க ஏறக்குறைய 25 நாள்.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது கல் ஏறிய விதம். 65 கிலோ ஆள் ஒருவன் 6.5 கிலோ கல்லோடு சரிவில் ஏறினால், கல்லைத் தூக்குவதைப் போலப் பத்து மடங்கு உழைப்பு தன் உடம்பைத் தூக்கவே போய்விடும், அப்புறம் வெறுங்கையோடு இறங்கி மறுபடி ஏற வேண்டும். ஆட்களை வரிசையாக நிற்க வைத்துக் கைமாற்றினால்? ஆள் நின்ற இடத்திலேயே நிற்கிறான், கல் மட்டும் ஏறுகிறது. நம் ஊரில் கான்கிரீட் போடும் நாளில் கலவைச் சட்டி மாடிக்குப் போவது இப்படித்தானே. இரவும் பகலும் நான்கு வரிசை வேலை செய்தது என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன், ஒவ்வொரு வரிசையிலும் மூன்று விநாடிக்கு ஒரு கல் வந்து விழுந்தால் போதும், 25 நாளில் மேடு தயார். கல்லுக்கும் அலையவில்லை, பக்கத்துப் பாறையிலேயே உடைத்திருக்க வேண்டும் என்கிறது ஆய்வு.

நோவாவின் பேழையைத் தேடி மலையேறுகிறவர்களுக்குப் பணம் கொடுக்க ஆள் கிடைக்கிறது, மேட்டில் எத்தனை கல் என்று எண்ணுகிறவர்களுக்கும் கொஞ்சம் கொடுங்கள் என்பது என் கட்சி.

சரி, மேடு எழுந்ததும் மேற்பரப்பில் சாந்து பூசிக் கெட்டியாக்கி, சக்கரம் வைத்த இடிபொறியை மேலே தள்ளினார்கள். மேலிருந்து தீப்பந்தம் விழும். அதனால் பொறிக்குள் ஒருவனுக்கு நீளமான அகப்பையால் தண்ணீர் மொண்டு ஊற்றுவதே வேலை. சனகெரிப்பின் தலைநகர் நினிவேயில் இருந்த அரண்மனைச் சிற்பத்தில் அவனைக்கூடச் செதுக்கியிருக்கிறார்கள், இப்போது அது லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஊருக்குள் இருந்தவர்களும் சும்மா இருக்கவில்லை, இடியப்போகும் மதிலுக்குப் பின்னால் அதைவிட உயரமாகத் தாங்களும் ஒரு மேடு குவித்தார்கள். தொல்லியலாளர் டேவிட் உசிஷ்கின் 1970களில் தொடங்கிய அகழாய்வில் அதுவும் வெளிவந்தது, கூடவே நூற்றுக்கணக்கான அம்பு முனைகளும்.