பில் குறைந்தால் ஃபேன் மாறும்

எங்கள் வீட்டு ஹாலில் இருபது வருடமாக ஓடிக்கொண்டிருந்த ஃபேனைப் போன ஏப்ரலில் கழற்றிவிட்டு, கரண்ட் குறைவாக இழுக்கும் பிஎல்டிசி (பிரஷ் இல்லாத டிசி மோட்டார்) ஃபேனை மாட்டினோம். சுவிட்சை அணைத்துவிட்டு ஸ்டூலில் ஏறிய எலக்ட்ரீஷியன், நடுவில் இருக்கும் கிண்ணத்தில் கை வைத்ததும் சட்டென்று எடுத்துக்கொண்டார். அவ்வளவு சூடு. அந்தச் சூட்டுக்குத்தான் இத்தனை வருடமும் ஈபி பில் கட்டியிருக்கிறோம்.

சாதாரண ஃபேன் 70 முதல் 80 வாட் வரை இழுக்கும், அதில் பெரும்பகுதி காற்றாக மாறுவதே இல்லை. காரணம் உள்ளே இருக்கும் இண்டக்‌ஷன் மோட்டார். ஒரு ஃபேஸ் மின்சாரத்தை மட்டும் வைத்துச் சுழலும் காந்தப்புலத்தை உண்டாக்க முடியாது, அதனால்தான் கண்டென்சர் ஒன்றைச் சேர்த்து இரண்டாவது காயிலுக்கு மின்னோட்டத்தைக் கொஞ்சம் முன்பின்னாக அனுப்புகிறார்கள். 14 துருவம் உள்ள ஃபேனில் அந்தக் காந்தப்புலம் நிமிடத்துக்கு 428 சுற்றுச் சுற்றும். இறக்கையோடு சேர்ந்த பகுதி அதைத் துரத்திக்கொண்டு ஓடும், ஆனால் ஒருபோதும் பிடிக்காது. பிடித்துவிட்டால் அந்தப் பகுதியில் மின்னோட்டம் தூண்டப்படாது, சுழற்றும் விசையும் இருக்காது. ஆக பின்தங்கித்தான் ஆக வேண்டும், பின்தங்குவதற்கான விலை சூடு.

பிஎல்டிசி ஃபேனில் சுழலும் பகுதியிலேயே நிரந்தரக் காந்தங்களை ஒட்டிவிடுகிறார்கள். அங்கே மின்சாரம் கொடுத்துக் காந்தத்தை உண்டாக்க வேண்டிய வேலையே இல்லை. ஒரு சின்ன சர்க்யூட் போர்டு, காந்தம் எங்கே நிற்கிறது என்று பார்த்து எந்தக் காயிலுக்கு எப்போது மின்சாரம் போக வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. அதே காற்று, 28 முதல் 35 வாட். கோயம்புத்தூரின் வெர்சா டிரைவ்ஸ் 2012-லேயே சூப்பர்ஃபேன் என்ற பெயரில் இப்படி ஒன்றைக் கொண்டுவந்துவிட்டது. தொழில்நுட்பம் வந்து இவ்வளவு நாளாகியும் நம் வீடுகளில் பெரும்பாலும் பழைய ஃபேனே ஏன் ஓடுகிறது என்பதுதான் எனக்கு முக்கியமான கேள்வி.

சரி, கணக்குப் பார்ப்போம். ஒரு ஃபேனுக்கு 45 வாட் மிச்சம், தினம் 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் சுமார் 32 யூனிட், மூன்று ஃபேனை மாற்றினால் 97 யூனிட். தமிழ்நாட்டில் இந்த 97 யூனிட்டின் மதிப்பு வீட்டுக்கு வீடு மாறும். 2022 செப்டம்பரில் வந்த கட்டணத்தை வைத்துச் சொல்கிறேன், அதற்குப் பிறகு கொஞ்சம் ஏறியிருக்கிறது. இரண்டு மாத பில்லில் முதல் 100 யூனிட் எல்லோருக்கும் இலவசம். 500-க்குள் நின்றால் அடுத்த 100 யூனிட் 2.25 ரூபாய், 500-ஐத் தாண்டினால் அதே 100 யூனிட்டே 4.50 ஆகிவிடும், 500-க்கு மேல் ஒவ்வொரு யூனிட்டும் 8 ரூபாயிலிருந்து தொடங்கும். 590 யூனிட் ஓட்டும் வீட்டுக்கு 2,670 ரூபாய் பில். மூன்று ஃபேனை மாற்றி 493-க்கு இறங்கினால் 1,683. ஒரே பில்லில் ஏறக்குறைய ஆயிரம் ரூபாய் குறைகிறது. சாதாரண ஃபேனைவிட ஒன்றுக்கு 1,300 ரூபாய் கூடுதலாகக் கொடுத்திருந்தாலும் நாலு பில்லில் எடுத்துவிடலாம்.

இதே ஃபேனை 180 யூனிட் மட்டும் ஓட்டும் வீட்டில் ஒன்று மாட்டுங்கள். 32 யூனிட் குறைந்தால் மிச்சம் 73 ரூபாய், போட்ட கூடுதல் காசை எடுக்க மூன்று வருடம் ஆகும். 100 யூனிட்டுக்குள் இருக்கும் வீட்டுக்கு மிச்சமே கிடையாது. ஆனால் அனல்மின் நிலையத்தில் எரியும் நிலக்கரிக்கு இந்த வித்தியாசம் தெரியாது. யார் வீட்டில் ஒரு யூனிட் குறைந்தாலும் சராசரியாக 0.7 கிலோ கரியமில வாயு குறையும். மிச்சம் தெரிகிற வீடுதான் மாறும், தெரியாத வீட்டை எவ்வளவு விழிப்புணர்வு விளம்பரம் போட்டும் நகர்த்த முடியாது.

எல்இடி பல்பில் இந்த முடிச்சை அவிழ்த்த விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். 2015 ஜனவரியில் மத்திய அரசின் உஜாலா திட்டம் தொடங்கியது. பல்புக்கு மானியம் என்று எதுவும் கொடுக்கவில்லை, கோடிக்கணக்கில் மொத்தமாக டெண்டர் விட்டார்கள், அவ்வளவுதான். 2014-ல் 310 ரூபாய்க்கு வாங்கிய பல்பு 2016-ல் 40 ரூபாய்க்கும் கீழே வந்தது. அப்போது சில மாநிலங்களில் 10 ரூபாய் மட்டும் முதலில் கொடுத்தால் போதுமாக இருந்தது, மீதியை மாதாமாதம் கரண்ட் பில்லோடு கட்ட முடிந்தது, அதாவது பல்பு மிச்சம் பிடித்துக் கொடுத்த காசிலேயே பல்புக்கான தவணை கட்டியாகிவிட்டது. 36 கோடிக்கும் மேல் பல்புகள் போய்ச் சேர்ந்தன. வாங்குபவர் கூடக் கூட விலை இறங்கும், விலை இறங்க இறங்க வாங்குபவர் இன்னும் கூடுவார், அந்தச் சக்கரத்தை முதல் சுற்றுச் சுற்றிவிடுவதுதான் கஷ்டம்.

ஃபேனுக்கு அந்த முதல் தள்ளு இன்னும் சரியாக வரவில்லை. 2023 ஜனவரி முதல் ஃபேனுக்கு, எவ்வளவு மின் சிக்கனம் என்று காட்டும் ஸ்டார் லேபிள் கட்டாயமானது நல்ல விஷயம், குறைந்தபட்சம் கடையிலேயே வித்தியாசம் கண்ணில் படும். ஆனால் ரிப்பேர் என்று வந்தால்? பழைய ஃபேனில் கண்டென்சர் போனால் தெருமுனைக் கடையில் கொஞ்சம் காசில் மாற்றிவிடுவார்கள். என் உறவினர் வீட்டு பிஎல்டிசியில் வாரண்டி முடிந்த பிறகு போர்டு போனது, உள்ளூரில் பார்க்க ஆள் இல்லை, புது போர்டுக்குச் சொன்ன விலையில் ஒரு வருட மிச்சம் கரைந்துவிட்டது. அதனால் வாங்கும்போது வாட்டைப் பார்க்கிற அளவுக்கு வாரண்டியையும் பாருங்கள், போர்டு தனியாகக் கிடைக்குமா என்றும் கேளுங்கள்.

இன்னொரு ஆபத்து, மிச்சமாகிறதே என்று ஆள் இல்லாத அறையிலும் ஃபேனை ஓடவிடுவது. நீராவி இயந்திரம் சிக்கனமானபோது நிலக்கரிச் செலவு கூடியதை 1865-லேயே ஆங்கிலேயப் பொருளாதார அறிஞர் ஜெவன்ஸ் கவனித்துச் சொல்லியிருக்கிறார். ஃபேன் விஷயத்தில் இது மிச்சத்தை முழுதாக விழுங்காது, பாதிக்கும் கீழே இறங்கிய வாட்டை ஈடுகட்ட இரண்டு மடங்குக்கும் மேல் நேரம் ஓட்ட வேண்டும்.

உண்மையில் பெரிய தடை வாடகை வீடுதான். ஃபேன் வாங்குவது வீட்டு ஓனர், பில் கட்டுவது குடியிருப்பவர். மிச்சம் தனக்கு வராதபோது ஓனர் ஏன் கூடுதல் காசு போடுவார்? நாங்களும் வாடகைக்குத்தான் இருக்கிறோம். அதனால் ஓனரிடம் கேட்டுவிட்டு எங்கள் செலவில் மாட்டினோம், அவருடைய பழைய ஃபேனைத் துடைத்து இறக்கைகளைத் துணியில் சுற்றிப் பரணில் வைத்திருக்கிறோம். காலி செய்யும் நாளில் அதைத் திரும்ப மாட்டிவிட்டு எங்களுடையதைக் கழற்றி எடுத்துக்கொண்டு போவோம், அரை மணி நேர வேலை.