'சினாப்டிக்' என்றால் சுருக்கம் இல்லை

சினாப்சிஸ் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது முனைவர் பட்ட ஆய்வுக்குக் கொடுக்கும் சுருக்கம், இல்லையென்றால் உதவி இயக்குநர்கள் கையில் வைத்துக்கொண்டு அலையும் கதைச்சுருக்கம். அதனால் 'சினாப்டிக் நற்செய்திகள்' என்பதையும் ஏதோ சுருக்கப் பதிப்பு என்று நினைத்துவிடத் தோன்றும். இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் பைபிள் நூல்கள்தான் நற்செய்திகள்; நான்கில் மத்தேயு, மாற்கு, லூக்கா மூன்றுக்கும் சேர்த்து வழங்கும் பெயர்தான் அது.

கிரேக்கத்தில் 'சுன்' சேர்ந்து, 'ஆப்சிஸ்' பார்வை. ஒருசேரப் பார்ப்பது, அவ்வளவுதான். வானிலைக்காரர்கள் சொல்லும் சினாப்டிக் வரைபடமும் இதே பொருளில்தான்: பல ஊர்களில் ஒரே நேரத்தில் எடுத்த அளவுகளை ஒரே படத்தில் வைத்துப் பார்ப்பது.

2ஆம் நூற்றாண்டில் தத்தியான் என்பவர் நான்கு நற்செய்திகளையும் ஒரே கதையாகப் பின்னி ஒரு நூல் செய்தார். பின்னிவிட்டால் எது யார் சொன்னது என்று தெரியாது, இடறும் இடங்களும் மறைந்துபோகும். ஜெர்மனியின் பைபிள் அறிஞர் கிரீஸ்பாக் 1776இல் வெளியிட்ட 'சினாப்சிஸ்' நேர் எதிர். பின்னாமல், மூன்றையும் பக்கத்துப் பக்கத்துச் செங்குத்துப் பத்திகளாக அச்சடித்தார். பெயர் அங்கிருந்து பரவியதுதான்.

அப்படி வைத்துப் பார்த்தால் என்ன தெரியும்? எரிகோ ஊரில் நடந்ததையே எடுத்துக்கொள்ளுங்கள். மாற்கு 10ஆம் அதிகாரத்தில் இயேசு எரிகோவை விட்டுப் புறப்படும்போது வழியோரம் ஒரு பார்வையற்றவருக்குப் பார்வை தருகிறார், அவர் பெயர் பர்த்திமேயு. மத்தேயு 20இலும் புறப்படும்போதுதான், ஆனால் இரண்டு பேர், பெயரில்லை. லூக்கா 18இல் ஒருவர்தான், ஆனால் இயேசு ஊரை இன்னும் நெருங்கிக்கொண்டிருக்கிறார். பழைய எரிகோ, ஏரோது மன்னன் கட்டிய புதிய எரிகோ என்று இரண்டு இருந்தன, ஒன்றை விட்டு மற்றதற்குள் போகும் வழியில் நடந்தது என்று சமாதானம் சொல்வார்கள். இரண்டு இருந்தது உண்மை, ஆனால் மூவரில் ஒருவர்கூட அதைச் சொல்லவில்லையே. எனக்கென்னவோ லூக்கா அடுத்து ஊருக்குள் சக்கேயு என்ற வரி வசூலிப்பவரின் கதையைச் சொல்லவேண்டியிருந்ததால் இதை முன்னாலேயே வைத்துவிட்டார் என்றுதான் படுகிறது. மத்தேயு இரண்டாக்கியது இங்கே மட்டுமில்லை: மாற்கு 5இல் பேய் பிடித்தவர் ஒருவர், மத்தேயு 8இல் இருவர், எருசலேமுக்குள் போகும்போது மற்றவர்களிடம் ஒரு கழுதைக்குட்டி, மத்தேயுவிடம் தாய்க்கழுதையும் சேர்த்து இரண்டு.

சரி, தமிழில் என்ன சொல்வது? கத்தோலிக்க நூல்களில் 'ஒத்தமை நற்செய்திகள்' என்று இருக்கும். நல்ல சொல்தான், காதுக்கும் இதம். ஆனால் 'ஒத்த' என்று வந்ததுமே மூன்றும் ஒன்றையேதான் சொல்கின்றன என்ற எண்ணம் வந்துவிடுகிறது, அப்புறம் எரிகோவைப் பார்த்து அதிர்ச்சி அடைகிறோம். மூலச்சொல்லில் ஒப்புதல் இல்லை, பார்வைதான் இருக்கிறது. 'உடன்நோக்கு' என்று வைக்கலாமா என்றால் உடன்பாடு வந்து ஒட்டிக்கொள்ளும். 'இணைநோக்கு நற்செய்திகள்' என்றால் சரியாக உட்காருகிறது என்பது என் கருத்து. புராட்டஸ்டன்ட் வழக்கில் சுவிசேஷம் என்பவர்கள் 'இணைநோக்குச் சுவிசேஷங்கள்' என்று சொல்லிக்கொள்ளலாம்.

நான்காவது நற்செய்தியான யோவானை ஏன் சேர்க்கவில்லை என்றால், அவரோடு இணை வைக்கப் பத்தி நிற்காது. கோவிலில் வியாபாரிகளை விரட்டியதை மூவரும் கடைசி வாரத்தில் சொல்ல, அவர் 2ஆம் அதிகாரத்திலேயே சொல்லி முடித்துவிடுகிறார்.