பெயர் ஒன்று, சிப் வேறு: கிராஃபிக்ஸ் கார்டைச் சரிபார்ப்பது எப்படி?

பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் பழைய கிராஃபிக்ஸ் கார்டு வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது "எத்தனை ஜிபி அண்ணா?" என்றுதான். "நாலு ஜிபி" என்று பதில் வரும். கூடவே, திரையில் 'ஜிடிஎக்ஸ் 1050 டிஐ' என்ற எழுத்தையும் காட்டுவார்கள். பணம் கைமாறிவிடும். அந்தப் பெயரும் அந்த நாலு ஜிபியும் கார்டின் பயாஸில், அதாவது கார்டுக்குள் பதிந்திருக்கும் சின்ன மென்பொருளில், எழுதியிருப்பவை. பயாஸை யார் வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். உள்ளே இருக்கும் சிப்பைத்தான் மாற்ற முடியாது.

முதலில் வீட்டில் இருக்கும் மெஷினைப் பார்ப்போம். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதிக்குப் போனால் ஜிபியு (கிராஃபிக்ஸ் சிப்) 0, ஜிபியு 1 என்று வரிசையாக இருக்கும். லேப்டாப்பில் இரண்டு தெரிந்தால், பெரும்பாலும் ஒன்று பிராசஸருக்குள்ளேயே இருப்பது, மற்றது தனிக் கார்டு. 'டெடிகேட்டட்' மெமரிதான் கார்டின் சொந்தச் சரக்கு. 'ஷேர்டு' என்பது ரேமிலிருந்து கடன் வாங்கக்கூடியது. வழக்கமாக ரேமில் பாதி. 16 ஜிபி ரேம் போட்ட மெஷினில் தனிக் கார்டே இல்லாவிட்டாலும் அங்கே கிட்டத்தட்ட 8 ஜிபி என்று நிற்கும். விண்டோஸோடு வரும் டிஎக்ஸ்டயாக் என்ற சோதனைக் கருவி இரண்டையும் கூட்டி ஒரே மொத்தமாகவும் காட்டும். "8 ஜிபி கிராஃபிக்ஸ்" என்று விளம்பரம் போட்டு லேப்டாப் விற்பவர்களில் சிலர் காட்டுவது இந்தக் கூட்டுத்தொகையைத்தான்.

டிவைஸ் மேனேஜரில் 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்று வந்தால் டிரைவர், அதாவது கார்டை இயக்கும் மென்பொருள், ஏறவில்லை என்று அர்த்தம். கார்டு கெட்டுவிட்டது என்று அவசரப்பட வேண்டாம். பிராப்பர்ட்டீஸில் 'டீடெயில்ஸ்' போய் 'ஹார்டுவேர் ஐடி'யைத் தேர்ந்தெடுங்கள். 'வென்' என்பதை அடுத்து 10டிஇ இருந்தால் என்விடியா, 1002 என்றால் ஏஎம்டி, 8086 என்றால் இன்டெல். 'டெவ்' என்பதை அடுத்து வரும் நான்கு எழுத்து மாடலைச் சொல்லும். அசல் 1050 டிஐ கார்டில் அது 1சி82.

கடையில் வாங்கும்போது இது மட்டும் போதாது. ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைப் பென்டிரைவில் போட்டுக் கொண்டுபோங்கள். இன்ஸ்டால் செய்ய வேண்டாம், நெட்டும் தேவையில்லை. 2018இல் வந்த 2.12 பதிப்பிலிருந்து, பழைய என்விடியா சிப்பில் புதுப் பெயர் ஒட்டிய பல கார்டுகளை இது கண்டுபிடித்து, பெயருக்கு முன்னால் 'ஃபேக்' என்று போட்டுவிடுகிறது. அந்த எச்சரிக்கை வராவிட்டாலும் நான்கு விவரங்களை ஒப்பிடுங்கள். அசல் 1050 டிஐ என்றால் சிப் ஜிபி107, தயாரிப்பு 14 நானோமீட்டர், ஷேடர் (கணக்குப் போடும் கோர்) 768, மெமரி பஸ் (சிப்புக்கும் மெமரிக்கும் நடுவே உள்ள பாதையின் அகலம்) 128 பிட். அங்கே ஜிஎஃப்116, 40 நானோமீட்டர், 192 ஷேடர் என்று இருந்தால், அது 2011இல் வந்த ஜிடிஎக்ஸ் 550 டிஐ. அதில் உண்மையில் இருப்பது ஒரு ஜிபியாகத்தான் இருக்கும். டெஸ்க்டாப், யூடியூப் எல்லாம் ஒழுங்காக ஓடும். கேம் ஒரு ஜிபியைத் தாண்டி மெமரி கேட்கும்போதுதான் திரையில் கட்டம் கட்டமாகச் சிதறும், இல்லையென்றால் ஹேங் ஆகும். அந்தத் தலைமுறைக்கு என்விடியா 2018லேயே வழக்கமான டிரைவர்களை நிறுத்திவிட்டதால், புது டிரைவரும் ஏறாது.

திருப்பிப் பார்த்தாலே சில கார்டுகள் காட்டிக்கொடுத்துவிடும். 1050 டிஐ சிப்பில் அனலாக் வெளியீடு கிடையாது. நீல நிற விஜிஏ போர்ட் இருந்தால் சந்தேகப்படுங்கள். மேல் விளிம்பில் எஸ்எல்ஐ (இரண்டு கார்டுகளைச் சேர்த்து ஓட்டும் வசதி) இணைப்புக்கான தங்கநிறப் பட்டைகள் தெரிந்தாலும் அப்படியே. 1050 டிஐக்கு எஸ்எல்ஐ கிடையாது.

இனி, போலியே இல்லாத ஏமாற்றம். இதைப் போலியை விட மோசம் என்றே சொல்வேன், ஏனென்றால் பெட்டியிலேயே அச்சடித்து வருகிறது. ஜிடி 1030 ஜிடிடிஆர்5 மெமரியோடு வந்தால் மெமரி வேகம் நொடிக்கு 48 ஜிபி. டிடிஆர்4 மெமரியோடு வந்தால் 16.8 ஜிபிதான். பெயர் அதேதான்! ஆர்டிஎக்ஸ் 3050இல் 8 ஜிபி கார்டுக்கு 2560 கோர், 128 பிட். 6 ஜிபி கார்டுக்கு 2304 கோர், 96 பிட். குறைவது 2 ஜிபி மட்டும் இல்லை. ஆர்எக்ஸ் 580க்குப் பின்னால் '2048எஸ்பி' என்று இருந்தால், அது நடைமுறையில் ஆர்எக்ஸ் 570தான்.

கார்டு அசல், டிரைவரும் சரி, ஆனாலும் கேம் திக்கித் திணறுகிறதா? சிபியு பெட்டியின் பின்பக்கம் பாருங்கள். எச்டிஎம்ஐ கேபிள் மதர்போர்டு போர்ட்டில் செருகியிருந்தால், பெரும்பாலும் வேலை செய்வது பிராசஸரில் இருக்கும் கிராஃபிக்ஸ். கேபிளைக் கீழே, கார்டின் போர்ட்டுக்கு மாற்றுங்கள். இன்டெல் 12400எஃப் மாதிரி எஃப் என்று முடியும் பிராசஸர் என்றால் மதர்போர்டு போர்ட்டில் படமே வராது.

'டெஸ்டிங் வாரன்டி'யில், அதாவது போட்டுப் பார்த்துச் சரியில்லை என்றால் திருப்பிக் கொடுக்கலாம் என்ற பேச்சில், வாங்குகிறீர்கள் என்றால், மாடல் பெயரோடு சிப் பெயர், மெமரி வகை, கார்டின் பின்னால் ஒட்டியிருக்கும் சீரியல் நம்பர் மூன்றையும் பில்லில் எழுதி வாங்குங்கள். வெறும் 'கிராஃபிக்ஸ் கார்டு 4 ஜிபி' என்று எழுதிய பில்லைக் காட்டிக் கார்டைத் திருப்பிக் கொடுப்பது கஷ்டம்.