மைதானம் யார் பெயரில் இருக்கிறது?

மைதானப் பிரச்சினை என்று என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் போட்டோக்களோடுதான் வருகிறார்கள். பிடுங்கிப் போட்ட கோல் போஸ்ட், புதிதாக நட்ட கல், முள்வேலி. "அது பஞ்சாயத்து இடம் சார், எங்க தாத்தா காலத்துலேர்ந்து ஃபுட்பால் ஆடுற இடம்" என்பார்கள். சர்வே நம்பர் கேட்டால் தெரியாது. தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் நில வழக்குகள் நடத்துகிற எனக்கு இதுதான் பெரிய கவலை. உள்ளாட்சியின் இடம் என்றால் பத்திரமாக இருக்கும் என்று ஊர் நம்பிவிடுகிறது. ஆனால் அந்த இடத்தை யாருக்கு, எத்தனை வருடத்துக்கு, என்ன நிபந்தனையில் விட்டிருக்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இங்கிலாந்தில் கோவென்ட்ரி நகரத்துக் கதை இதற்குச் சரியான பாடம். 2005-இல் திறந்த கால்பந்து அரங்கம் அது. நிலம் மாநகராட்சியுடையது. அரங்கத்தை நடத்திய நிறுவனத்தில் மாநகராட்சிக்குப் பாதி, ஓர் அறக்கட்டளைக்குப் பாதி. ஊர்க்காரர்களின் கிளப்பான கோவென்ட்ரி சிட்டி அங்கே வெறும் வாடகைதாரர், வருட வாடகை 10 லட்சம் பவுண்டுக்கு மேல். 2012-இல் கிளப் வாடகையை நிறுத்தியது. தகராறு முற்றியது. 2013-இல் கிளப் 50 கிலோமீட்டர் தாண்டியுள்ள நார்தாம்ப்டனுக்குப் போய் ஆடியது. 2014-இல் திரும்பி வந்தது. வந்த கொஞ்ச நாளிலேயே மாநகராட்சியும் அறக்கட்டளையும் அந்த நிறுவனத்தை வாஸ்ப்ஸ் என்ற வெளியூர் ரக்பி கிளப்புக்கு விற்றுவிட்டன. அரங்கத்தின் குத்தகைக் காலம் 250 வருடம்! 2019-லிருந்து இரண்டு சீசன் கால்பந்து கிளப் மறுபடியும் ஊரை விட்டு, இந்த முறை பர்மிங்காமுக்குப் போக வேண்டியிருந்தது. 2022-இல் வாஸ்ப்ஸ் நொடித்துப் போனது. இத்தனைக்கும் நடுவில் மண் மட்டும் மாநகராட்சி பெயரிலேயே இருந்தது.

அங்கே 2011-இல் வந்த ஒரு சட்டத்தை நான் மதிக்கிறேன். ஊருக்குப் பயன்படும் இடத்தை மக்கள் குழு பட்டியலில் சேர்க்கச் சொல்லலாம். உடைமையாளர் விற்க முனைந்தால், வாங்குவதற்குப் பணம் திரட்ட அந்தக் குழுவுக்கு ஆறு மாதம் வரை அவகாசம் உண்டு. மான்செஸ்டர் யுனைடெட் கால்பந்து கிளப்பின் ஓல்ட் டிராஃபோர்டு அரங்கத்தையே ரசிகர்கள் 2013-இல் அப்படிப் பதிவு செய்ய வைத்தார்கள்.

சரி, நமக்கு என்ன இருக்கிறது? முதலில் 'அ' பதிவேடு, அதாவது ஒவ்வொரு சர்வே நம்பரும் என்ன வகை நிலம், யார் பெயரில் இருக்கிறது என்று சொல்லும் வருவாய்த் துறைக் கணக்கு. அரசின் இணையதளத்தில் சர்வே நம்பரைப் போட்டு யாரும் பார்க்கலாம். டெல்டாவில் பாதிக் குழப்பம் அங்கேயே தெளிந்துவிடும். ஊர் மைதானம் என்று நினைத்த இடம் மந்தைவெளிப் புறம்போக்காக இருக்கும், கோயில் நிலமாக இருக்கும், சில சமயம் தூர்ந்துபோன குளமாகவே இருக்கும். ஒவ்வொன்றுக்கும் அதிகாரி வேறு, சட்டம் வேறு. புது நகர்களில் மனைப்பிரிவுத் திட்ட வரைபடத்தையும் பாருங்கள். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலைகள் போக 10 சதவீதத்தைப் பொது இடமாக ஒதுக்கி உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தப் பத்திரம் பதிவாகியிருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை.

அப்புறம் உள்ளாட்சி மன்றத் தீர்மானம். பொருட்காட்சிக்கோ தனியார் அகாடமிக்கோ இடம் கொடுத்திருந்தால் தீர்மான நகல், ஒப்பந்த நகல் இரண்டையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் தர வேண்டும். பெங்களூரில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்ததை அந்தப் பகுதிவாசிகளே எதிர்த்து வழக்காடினார்கள். அந்த ஒதுக்கீடு செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1991-இல் உறுதி செய்தது. குடியிருப்பவர்களுக்குக் கேட்கும் உரிமை உண்டு என்பதற்கு இன்றும் நான் அதைத்தான் காட்டுகிறேன்.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஊரின் நலன் என்பது எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. சம்பா அறுவடையில் கொள்முதல் நிலையம் திணறும்போது விவசாயி மைதானத்தில் நெல்லைக் கொட்டுகிறார். அதை நான் எதிர்க்க மாட்டேன். அந்த மாதங்களில் அறுத்த வயலே பையன்களுக்கு மைதானம். ஆனால் ஜூனில் மேட்டூர் திறந்து குறுவை நடவு தொடங்கினால் வயல் போய்விடும், அப்போது அவர்களுக்கு வேறு இடமே கிடையாது. அதனால் நெல் எந்தத் தேதிக்குள் காலியாக வேண்டும், தரையை யார் சமன் செய்து தர வேண்டும் என்பதைத் தீர்மானத்திலேயே எழுதச் சொல்லுங்கள். குத்தகையென்றால் மாலை நேரம் ஊர்ப் பிள்ளைகளுக்கு, உள்குத்தகை கூடாது, நிபந்தனை மீறினால் ரத்து என்ற மூன்றும் எழுத்தில் இருக்கட்டும். ஊராட்சியென்றால் கிராம சபை, நகரமென்றால் பகுதி சபா. கோரிக்கையை வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். எழுதிக் கொடுத்து, தீர்மானப் புத்தகத்தில் ஏறியதைப் பார்த்துவிட்டு எழுந்திருங்கள்.