புகைபோக்கி இல்லாத வீடு

நாடுவாரியாக மக்களின் சராசரி ஐ.க்யூ. (அறிவுத்திறன் தேர்வு மதிப்பெண்) என்று ஒரு பட்டியல் கைபேசிகளில் சுற்றுகிறது. அதை நம்பலாமா என்று வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். இப்படிப் பட்டியல் போடும் பழக்கத்துக்கு வயது நூறுக்கு மேல்.

ஒவ்வொரு தேசத்துக்கும் தனி மனம் உண்டு என்ற நம்பிக்கை 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் செழித்தது. அதை ஆராயவே 1860இல் ஜெர்மனியில் லாசரஸ், ஸ்டைன்தால் என்ற இரு அறிஞர்கள் ஓர் ஆய்விதழ் தொடங்கினார்கள். மொழியிலும் புராணத்திலும் அவர்கள் தேடியதைப் பின்னாளில் சில அமெரிக்க உளவியலாளர்கள் மதிப்பெண்களில் தேடினார்கள்.

1917இல் அமெரிக்கா உலகப்போரில் இறங்கியதும், உளவியலாளர் ராபர்ட் யெர்க்ஸ் தலைமையில் சுமார் 17 லட்சம் படைவீரர்களுக்கு அறிவுத்திறன் தேர்வு நடந்தது. ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவர்களுக்கு ஆல்ஃபா என்ற தேர்வு, மற்றவர்களுக்கு பீட்டா என்ற தேர்வு.

பீட்டாவின் ஆறாம் பகுதியைப் பாருங்கள். 20 படங்கள், மூன்றே நிமிடம். ஒவ்வொரு படத்திலும் ஏதோ ஒன்று குறையும். அதை வரைந்து நிரப்ப வேண்டும். வாயில்லாத முகம் யாருக்கும் புரியும். ஆனால் வலையில்லாத டென்னிஸ் மைதானம்? இழையில்லாத மின்விளக்கு? குழல் இல்லாத கிராமபோன்? இவற்றைக் கண்ணாலேயே பார்த்திராத விவசாயி எதைத்தான் வரைவார்? புகைபோக்கி இல்லாத வீட்டின் படத்தில் சிசிலித் தீவுக்காரர் ஒருவர் சிலுவை வரைந்தார். அவர் ஊர் வீடுகளில் அந்த இடத்தில் சிலுவைதான் இருக்கும். கூர்ந்து பார்த்து, யோசித்து, குறையைக் கண்டுபிடித்தவருக்குத் தவறு என்று போட்டார்கள். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கொதிக்கிறது.

இந்த மதிப்பெண்களை வைத்து பிரின்ஸ்டன் பேராசிரியர் கார்ல் பிரிகம் 1923இல் நூல் எழுதினார். குடியேறியவர்களை அமெரிக்காவில் வாழ்ந்த ஆண்டுக்கணக்குப்படி அவர் பிரித்தபோது, மதிப்பெண் படிப்படியாக ஏறியது. 20 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தவர்கள் அங்கேயே பிறந்தவர்களுக்குச் சமமாக வந்துவிட்டார்கள். ஊர் பழகப் பழக விடை தெரிகிறது, அவ்வளவுதான். பிரிகமோ, முன்பு வந்தவர்கள் உயர்ந்த வடஐரோப்பிய இனம், பின்னால் வந்தவர்கள் தாழ்ந்தவர்கள் என்றார். தேர்வின் குறை இப்படி மக்களின் குறையாக மாறியது.

1924இல் அமெரிக்கா குடியேற்றச் சட்டம் இயற்றியது. அதற்குக் காரணம் இந்த ஆய்வு மட்டுமல்ல. இனவெறியும் வேலைக்கான போட்டியும் முன்பே இருந்தன. ஆனால் அவற்றுக்கு அறிவியல் முலாம் பூசியது இந்த ஆய்வு. 1890இல் அங்கிருந்த ஒவ்வொரு நாட்டாரின் எண்ணிக்கையில் 2 சதவீதமே ஆண்டுக்கு அனுமதி. இத்தாலியரும் போலந்துக்காரரும் பெருமளவில் வந்தது அதற்குப் பிறகுதான் என்பதால் அவர்கள் பங்கு சுருங்கியது. ஆசியர்களுக்குக் கதவு ஏறக்குறைய முழுதாக மூடப்பட்டது. ஜப்பான் கொதித்தது.

வெளிநாட்டுத் தேர்வை மொழிபெயர்த்து நம் பிள்ளைகளிடம் நீட்டுவதற்கு முன், ஒவ்வொரு கேள்வியையும் நம் ஊரில் சோதித்துத் திருத்த வேண்டும். சலிப்பூட்டும் அந்த வேலைக்குத்தான் ஆய்வு நிதியில் முதல் பங்கு தர வேண்டும் என்பேன்.

தம் ஆய்வு அடித்தளமற்றது என்று 1930இல் பிரிகமே எழுதினார். நாடுவாரி ஒதுக்கீடு நீங்க 1965 ஆயிற்று.